மிஷின் எண்ணெய்

அந்த ஸ்கூட்டருக்கு ஹாரன் தேவைப்படவில்லை. மின்சார வண்டி என்பதால் ஓடும்போது சத்தமே இருக்காது, பக்கத்தில் வந்து நின்றால்கூடத் தெரிவதில்லை என்று வாங்கின புதிதில் தெருவில் பலரும் குறைபட்டுக்கொண்டார்கள். ஒன்றரை வருடத்தில் அந்தக் குறையை அதன் முன் பிரேக் தீர்த்துவைத்தது. தெருமுனையில் வண்டி திரும்பும்போது ஒரு கீச்சல், மூன்றாவது வீட்டு மேட்டருகே ஒரு கீச்சல், வாசலில் நிற்கும்போது பல் கூசுகிற மாதிரி நீளமாக ஒரு கீச்சல். உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் டைலர் முதல் கீச்சலுக்கே எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி வருவதற்கும் டீ வடிகட்டுவதற்கும் சரியாக இருக்கும்.

அவள் என்றால் டைலருடைய மனைவியின் மகள். டைலருக்கும் மகள் என்று சொல்லலாமா கூடாதா என்பது பதினோரு மாதமாக அந்த வீட்டில் யாரும் தீர்த்துவைக்காத விஷயமாக இருந்தது.

டைலருக்கு வயது நாற்பத்தொன்பது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தே தன் கல்யாணத்தை மறந்துபோன மனிதர். கடைக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அங்கே சீட்டு வாங்கிப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண்ணிடம் முதுகுவலித் தைலம் கேட்டுப் போவார். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு வாரத்துக்கு இரண்டு. கடைசியில் ஒருநாள் அவள், இத்தனை தைலம் தேய்த்தால் முதுகே கரைந்து போயிருக்க வேண்டுமே என்று கேட்டுவிட்டாள். டைலர் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய கடை அலமாரியில் உடைக்காத புட்டிகள் நூல்கண்டுகளுக்குப் பின்னால் வரிசையாக நின்றிருந்தன. அவளும் புருஷனை இழந்து ஒன்பது வருடம் ஆனவள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஆரம்பித்தது பதிவாளர் அலுவலகத்தில் போய் முடிந்தது. கல்யாணமாகியும் பழக்கம் விடவில்லை. அவள் இவரை 'டைலர்' என்றே கூப்பிட்டாள், இவர் அவளை 'மேடம்' என்றே கூப்பிட்டார். இருவருக்கும் அதில் ஒரு கொஞ்சல் இருந்தது.

பெண்ணுக்குத்தான் கூப்பிடச் சொல் கிடைக்கவில்லை. தங்கமான பெண். டைலரிடம் ஒருநாள் முகத்தைச் சுளித்தது கிடையாது. ஆனால் 'அப்பா' என்ற சொல் வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தது. மாமா, அங்கிள் எதுவும் நாக்கில் நிற்கவில்லை. 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை, 'நீங்க' என்றால் வாசலில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. ஆகவே ஆளையே தொடாமல் மொட்டையாகப் பேசக் கற்றுக்கொண்டாள். "சாப்பிட்டாச்சா?" "கடைக்குக் கிளம்பியாச்சா?" "சாவி ஆணியில இருக்கு." இந்த மாதிரிச் சங்கடங்களுக்கென்றே நம் பேச்சில் ஏகப்பட்ட வசதி இருக்கிறது, பதினோரு மாதம் ஒரே வீட்டில் ஓட்டிவிடலாம். டைலர் மட்டும் என்ன வாழ்ந்தது? அளவு கொடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரி அவளிடம் 'நீங்க' என்றுதான் பேசினார். இருபத்தொரு வயதுப் பெண்ணை வீட்டுக்குள் ஒரு மனிதர் 'நீங்க டீ குடிங்க' என்று உபசரிப்பதைக் கேட்டு அம்மாக்காரி எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். லேபுக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. சாப்பிடாமல் கொடுக்க வேண்டிய ரத்தம் என்பதால் காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டும். ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் வைத்த பெட்டி, அதற்குள் பெயர் ஒட்டின டியூப்கள். கை மெத்தென்று இருக்கும், குத்தினது தெரியாது என்று பெயர் வாங்கியிருந்தாள். நடமாட முடியாதவர்கள், ஊசி என்றாலே நடுங்குகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெண்தான் வர வேண்டும் என்று லேபுக்குப் போன் செய்து கேட்டார்கள். உள்ளே உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிற வேலையிலிருந்து இந்த வேலைக்கு வர அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். அந்தச் சுற்று அவளுக்கு உயிர்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாகச் சமையலறையில் போய் அம்மாவிடம் நின்றாள். மூன்று நாளாக விட்டுவிட்டுத் தூறல். சுவரெல்லாம் ஈரம் கோத்து, காயாத துணி வாடை வீடு முழுக்க அடித்தது. டைலர் முன் அறையில் ஒரு கால்சட்டைக்கு இடுப்புப் பட்டை வைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தினால் சமையலறைப் பேச்சு அப்படியே கேட்கும். ஒட்டுக் கேட்கிற உத்தேசம் அவருக்கு இல்லை, நூலை மாற்றத்தான் நிறுத்தினார் என்று நாமும் நம்பிவைப்போம்.

காலையில் ஒரு வீட்டில் ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் அழுத கைக்குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்ததாம். இவள் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை, பக்கத்து மாடிக்காரருக்கு ரத்தம் எடுக்கப் போனவள். வாசலில் பிரேக் பிடித்ததும் குழந்தை வீல் என்று எழுந்துவிட்டது. குழந்தையின் தாய் கதவைத் திறந்து வந்து நின்றாள்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. என்னைப் பாத்து அழறாங்க. 'இப்பத்தாங்க தூங்கினான்'னு சொல்லிட்டு அழறாங்க. எனக்கு எங்க போய் முட்டிக்கறதுன்னு தெரியல."

பட்டறைக்குக் கொண்டுபோனாயா என்று அம்மா கேட்டாள். கேட்டாகிவிட்டது, மழையால் வண்டிகள் குவிந்து கிடக்கிறதாம், அடுத்த வாரம்தான் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டார்களாம். அதுவரை வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவதாகச் சொன்னாள். அந்தப் பெட்டியின் கனம் டைலருக்குத் தெரியும்.

அவள் குளிக்கப் போனாள். டைலர் எழுந்தார்.

முப்பது வருடமாக அவர் வாழ்க்கையில் கீச்சென்ற சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். மிஷின் எண்ணெய் கேட்கிறது. மிதிகட்டை கீச்சிட்டாலும் எண்ணெய், சக்கரம் கீச்சிட்டாலும் எண்ணெய், கடைக் கதவு கீச்சிட்டாலும் அதே எண்ணெய். மூக்கு நீண்ட சின்னத் தகர டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தூறல் நின்றிருந்தது. ஸ்கூட்டரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சக்கரத்தோடு சுற்றுகிற ஓட்டை ஓட்டையான இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி. சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்த்தார். உரசுகிற இடம் இதுதான் என்று பளிச்சென்று தெரிந்தது. தட்டும் இடுக்கியும் சேருகிற சந்தில் இந்தப் பக்கம் மூன்று சொட்டு, அந்தப் பக்கம் மூன்று சொட்டு. சக்கரத்தைச் சுற்றிவிட்டு எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவிட்டார். அவள் உடுப்பில் கறை பட்டுவிடக் கூடாதே என்று வெளியில் கசிந்ததை வெட்டுத்துணியால் நறுவிசாகத் துடைத்தார். வண்டியைத் தள்ளிப் பிரேக்கை அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி தள்ளினார், மறுபடி இல்லை. அவ்வளவு பாந்தமாக இருந்தது அவருக்கு.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்துவிட்டு, அவளாகக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்ல வேண்டும், அது தன் காதில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டார். நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஓர் ஆசை வருவது அவருக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது ஜன்னலோரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டருகே சத்தமில்லை. தெருமுனையிலும் சத்தமில்லை. டைலர் திரும்பி வந்து முந்தைய நாள் இடுப்புப் பட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, சுருதி இல்லாமல் எதையோ முனக ஆரம்பித்தார். கல்யாணமானதிலிருந்து அவரைக் காலையில் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்று மனைவி சொன்னாள்.

ஏழேகாலுக்குப் போன் வந்தது.

சமதெருக்களில் எப்படியோ நின்ற வண்டி பள்ளிக்கூடச் சுவரை ஒட்டின சரிவில் இறங்கும்போது நிற்கவில்லை. பின் பிரேக் கொஞ்சம் பிடித்தது, போதவில்லை. கீழே காலித் தண்ணீர்க் கேன்களை ஏற்றின தள்ளுவண்டி ஒன்று நின்றிருந்தது. நேராக அதன்மேல் போய் மோதினாள். கேன்கள் காலியாக இருந்தது யார் செய்த புண்ணியமோ. இடது மணிக்கட்டு சுளுக்கி, முழங்காலில் தோல் உரிந்து, அதோடு போயிற்று. பெட்டிக்குள் பதினொரு டியூப்கள் இருந்தன. ஏழு உடைந்துவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து கையில் கட்டோடு வந்தவள் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. உடைந்த ஏழில் ஒன்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. நரம்பே தட்டுப்படாத கை, மூன்றாவது இடத்தில்தான் ரத்தம் வந்ததாம். வலித்ததா சார் என்று கேட்டதற்கு, 'நீ குத்தினதே தெரியலம்மா' என்று பொய் சொன்னாராம். அவரை மறுபடி யாரோ போய்க் குத்துவார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லேபை நடத்துகிற மேடம் நல்லவிதமாகத்தான் பேசியிருந்தாள். கோபப்படவில்லை. இப்போதைக்கு உள்ளே உட்கார்ந்து லேபிள் ஒட்டு, திங்கட்கிழமைக்குள் கையும் வண்டியும் சரியானால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அந்தச் சுற்றுக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தாள்.

அம்மாவுக்குத் திங்கட்கிழமை வரை யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். பிரேக் பிடிக்கவே இல்லையம்மா என்று மகள் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

"நேத்து வரைக்கும் ஊருக்கே கேக்கற மாதிரிப் புடிச்ச பிரேக்கு இன்னிக்குக் காலைல திடீர்னு புடிக்காமப் போச்சா? வேகமாப் போயிருப்ப. வாத்தியார் வீட்டுல நேரமாயிடுச்சு, அடுத்த வீட்டுக்கு ஓடியிருப்ப. ஒங்கப்பாவும் ஒரு வளைவுலதான் போனாரு. எனக்கு ஒரு தடவை போதும்."

டைலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எண்ணெய் ஞாபகம் அவருக்கு வரவே இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எண்ணெய் போட்ட எதுவும் அவர் கையில் இதுவரை கெட்டுப்போனதில்லை. மழைத் தண்ணீர் போயிருக்கும் என்றே மனதார நம்பினார்.

வெள்ளிக்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனார். அந்த மெக்கானிக்கை எல்லாரும் 'சார்ஜர்' என்பார்கள். தோளில் எந்நேரமும் ஒரு சார்ஜர் வயரை மாலை மாதிரி போட்டுக்கொண்டிருப்பார், வாயும் ஒருமுறை சார்ஜ் போட்டால் ஆறு மணி நேரம் ஓடும். பட்டறைக்குள் உட்கார இடமில்லாமல் வண்டிகள். டைலர் விபத்தைச் சொன்னதும், காத்திருந்த வண்டிகளை ஒதுக்கிவிட்டு இதை மேடைமேல் ஏற்றினார்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் நழுவிப்போய் நிதானமாக நின்றது. சார்ஜர் பேச்சை நிறுத்தினார், அதுவே ஒரு விசேஷம். இரண்டு போல்ட்டைக் கழற்றி இடுக்கியை எடுத்து, அதற்குள்ளிருந்து பிரேக் பேட் இரண்டையும் உருவினார். கட்டைவிரல் அகலத்தில் கறுப்பான வில்லைகள். ஒரு வெள்ளைத் துணியால் தட்டைத் துடைத்து டைலரிடம் நீட்டினார். துணி பளபளத்தது.

"இந்த வண்டியில மோட்டாரே பாதி நிறுத்திடும். பேடுக்கு வேலை கம்மி. அழுத்தமா வேலை இல்லாமச் சும்மா லேசா உரசி உரசி மேல கண்ணாடி மாதிரி ஆயிடும், தூசி வேற சேரும், அதான் கத்தும். கழட்டி, சொரசொரப்புத் தாள்ல ரெண்டு இழுப்பு இழுத்து, தூசியத் தட்டி மாட்டினா சரியாப் போயிடும். கத்தற பிரேக்கு நல்ல பிரேக்குங்க, புடிக்குது. இதுல எந்தப் புண்ணியவானோ எண்ணெய்ய ஊத்தியிருக்கான். பிரேக்குன்னா உரசணும். உரசற எடத்துல போய் எண்ணெய் ஊத்தினா வழுக்கிட்டுப் போகாம என்ன செய்யும்?"

டைலர் பக்கத்திலிருந்த மர முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

சார்ஜர் துணியை மோந்து பார்த்தார். வண்டி எண்ணெய் வாடை இல்லையே, வாடையே இல்லாமல் தண்ணீர் மாதிரி இருக்கிறதே, என்று தனக்குத்தானே ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு நிமிர்ந்தவர் கண்ணில் டைலருடைய சட்டை பட்டது. தோளில் ஒட்டியிருந்த வெள்ளை நூல், பையில் குத்தியிருந்த ஊசி, கழுத்தில் தொங்கின அளவு டேப். அப்புறம் டைலருடைய முகம். சார்ஜர் துணியை மெதுவாக மடித்துக் கீழே வைத்தார்.

"வீட்டுல தெரியுமா?"

டைலர் இல்லையென்று தலையசைத்தார்.

சார்ஜர் எதிரே ஒரு பழைய பேட்டரிமேல் உட்கார்ந்தார். தானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பிரேக்குக்குக் கிரீஸ் வைத்ததாகவும், தன் முதலாளி வைத்த அறையில் இரண்டு நாள் காது கேட்கவில்லை என்றும் சொன்னார். உண்மையோ ஆறுதலுக்குச் சொன்னதோ தெரியாது. பேட் எண்ணெயைக் குடித்துவிட்டது, இனி ஆகாது, புதுசுதான் போட வேண்டும், சனிக்கிழமை வந்துவிடும். தட்டை ஸ்பிரிட் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவிடலாம். இதெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரோட்டுல யாரோ எண்ணெய் கொட்டியிருக்காங்க, அது தெறிச்சு ஏறிடுச்சுன்னு சொல்லிடுங்க. யாராவது என்கிட்டக் கேட்டாலும் நான் அதையே சொல்றேன். யாருக்கும் நஷ்டம் இல்ல. பொண்ணு மேலயும் தப்பு வராது."

யாருக்கும் நஷ்டம் இல்லைதான். டைலர் வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்தப் பொய்யை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தார். நல்ல பொய். அளவெடுத்துத் தைத்த மாதிரி எல்லாருக்கும் பொருந்துகிற பொய். அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பதினோரு மாதமாக அந்தப் பெண்ணிடம் 'சாப்பிட்டாச்சா' வரை வந்திருந்தார். இது தெரிந்தால் அதுவும் போய்விடும். அப்பாவை ரோட்டில் பறிகொடுத்த பெண்ணின் பிரேக்கில் எண்ணெய் ஊற்றியவனோடு எந்தப் பெண் ஒரு வீட்டில் இருப்பாள்?

சாயங்காலம் மூவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். ரொட்டி, வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்குச் சூப். அவளுக்கு ஒற்றைக் கையால் முட்டை உரிக்க வரவில்லை. டைலர் உரித்து அவள் தட்டருகே வைத்தார். "உப்பு அங்க இருக்கு" என்றாள் அவள், நன்றிக்குப் பதிலாக.

டைலர் பொய்யைச் சொன்னார். ரோட்டில் எண்ணெய் இருந்திருக்கிறதாம், அதில் வண்டி ஏறி, பிரேக் தட்டில் தெறித்திருக்கிறதாம், மெக்கானிக் சொன்னாராம். குரல் தடுமாறவில்லை. தனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் வரும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அம்மாக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள். அதைத்தானே சொல்கிறேன், இவள் ஒழுங்காக ஓட்டினாலும் ரோட்டை யார் நம்புவது, இன்றைக்கு எண்ணெய், நாளைக்கு மணல், சாவி சாவியாகவே என் பையில் இருக்கட்டும் என்றாள். மகளாவது எதிர்த்துப் பேசுவாள் என்று டைலர் பார்த்தார். அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எண்ணெய் இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா. நான்தான் கவனிக்கல போல. எதைப் பாத்து ஓட்டினேன்னே ஞாபகம் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "லேப் மேடத்துக்குப் போன் பண்ணி லேபிள் வேலையே போதும்னு சொல்லிடறேன். வேற யாரையாவது அனுப்பட்டும். இன்னொரு தடவை உடைச்சிட்டு அந்த வாத்தியார் முன்னாடி போய் என்னால நிக்க முடியாது."

போனை எடுத்து மேஜைமேல் வைத்து, கட்டில்லாத கையால் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.

எல்லாருக்கும் பொருந்துகிற பொய் என்று நினைத்தது அவளுக்குப் பொருந்தவில்லை என்று டைலருக்குத் தெரிந்தது. அவள் கைமேல் அவளுக்கே இருந்த நம்பிக்கை போயிருந்தது. அதைத் தான்தான் எடுத்திருந்தார், தன்னால்தான் திருப்பிக் கொடுக்கவும் முடியும். எழுந்து முன் அறைக்குப் போனார். எண்ணெய் டப்பாவை எடுத்துவந்து சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். டப்பா மேஜையில் கடகடவென்று ஆடி நின்றது.

"போன் பண்ணாதீங்க. ரோட்டுல எண்ணெய் இல்ல. நான்தான் ஊத்தினேன்."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"கொழந்தை முழிச்சிட்டுதுன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. மிஷினுக்கு ஊத்தற மாதிரி ஊத்தினேன். புதன்கிழமை, நீங்க குளிக்கப் போனப்ப. பிரேக்குக்கு ஊத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க சரியாத்தான் ஓட்டியிருக்கீங்க. மெக்கானிக் சொன்னதும் பயந்துட்டேன். இப்பப் பொய் சொன்னதும் பயத்துலதான்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நாற்காலி பின்னால் சரிய எழுந்தாள்.

"பிரேக்குல யாராவது எண்ணெய் ஊத்துவாங்களா? அது என்ன ஒன் தையல் மிஷினா? ஒனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல நீ? பிரேக்கைப் புடிக்கறேன் புடிக்கறேன், வண்டி பாட்டுக்குப் போகுது, எனக்கு எப்படி இருந்திருக்கும்? ரெண்டு நாளா நான்தான் கொன்னிருப்பேன் யாரையாவதுன்னு நெனச்சு நெனச்சு சோறு எறங்காமக் கெடக்கறேன், நீ இங்க உக்காந்து முட்டை உரிச்சுக் குடுக்கற. ரோட்டுல எண்ணெய்னு கதை வேற சொல்ற."

அம்மாக்காரி அதட்டினாள். யாரைப் பார்த்து நீ, ஒனக்கு என்று பேசுகிறாய், மரியாதை எங்கே போயிற்று என்று எழுந்தே விட்டாள். மகள் வாயை மூடிக்கொண்டாள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது போலிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். படார் என்று சாத்தவில்லை.

டைலர் நின்ற இடத்திலேயே நின்றார். மனைவி அவரைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் சரிந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அவரு போனப்ப எந்த வண்டிக்காரன், யார் மேல தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல டைலர். ஒன்பது வருஷமா நான் அவரைத்தான் வஞ்சிட்டிருக்கேன், வேகமாப் போயிருப்பீங்கன்னு. நேத்து இவளையும் அதே மாதிரிதான் வஞ்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வந்து சொல்லிட்டீங்க. அதுக்கே நான் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ பேசினதை மனசுல வச்சுக்காதீங்க."

"மனசுல வச்சுக்கத்தான் போறேன் மேடம்," என்றார் டைலர். "பதினோரு மாசத்துல இன்னிக்குத்தான் என்கிட்டப் பேசியிருக்காங்க."

சனிக்கிழமை முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. மொட்டையாகக்கூடப் பேசவில்லை. 'சாப்பிட்டாச்சா'வும் போய்விட்டது என்று டைலர் நினைத்துக்கொண்டார். பேட் வந்ததும் சார்ஜர் போன் செய்தார், டைலர் போனார். அவளும் பின்னாலேயே வந்து நின்றதை அவர் எதிர்பார்க்கவில்லை. லேப் பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு வந்திருந்தாள். யாரையும் தொடவிடாமல், ரத்தம் எடுக்கிற இடத்தைத் துடைக்கிற மாதிரி நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாகப் பிரேக் தட்டைத் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாக வருகிறவரை விடவில்லை. சார்ஜர் புது வில்லைகளை மாட்டிவிட்டு, இது உடனே பிடிக்காது, தட்டோடு பழக வேண்டும், திறந்த இடத்தில் கொஞ்சம் வேகம் எடுத்து நிதானமாகப் பிடிக்க வேண்டும், இப்படி முப்பது தடவை, அப்புறம்தான் ரோட்டுக்குப் போகலாம் என்றார். முதலில் கொஞ்சம் கத்தும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை வெறித்து, நீண்ட நாளைக்குப் பின் வெயில் வந்திருந்தது. அம்மாக்காரி கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். மகளிடம் கொடுக்கவில்லை. டைலர் கையில் வைத்தாள். நீங்களே பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், நிற்கிறது என்று நீங்கள் வந்து சொன்னால் நான் நம்புகிறேன் என்றாள். டைலர் ஸ்கூட்டரில் ஏறினதே கிடையாது. வேகம் என்றாலே அவருக்கு உள்ளங்கால் கூசும். சாவியை மகளிடம் நீட்டினார். அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், கட்டின்மேல் லேப் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஹெல்மெட் ஒன்றை அவரிடம் கொடுத்தாள். ஏறுங்கள் என்றும் சொல்லவில்லை, ஏறு என்றும் சொல்லவில்லை. பின் சீட்டைக் கையால் தட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிய காலி மைதானம். ஓரத்தில் தேங்கின மழைநீர், நடுவில் காய்ந்த மண். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விட்டு, நடுவில் வேகமெடுத்து, பிரேக்கைப் பிடித்தாள். முதல் நாலைந்து தடவை வண்டி நழுவி நழுவி நின்றது, புது வில்லைகள் முனகின. ஒவ்வொரு தடவையும் டைலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டார். கையில் அகப்பட்டது அவள் கோட்டு, அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பத்தாவது தடவையில் முனகல் குறைந்தது. அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓட்டினாள். பதினாறு, பதினேழு. இருபதுக்கு மேல், நிறுத்த நினைத்த இடத்தில் வண்டி நின்றது. அவள் தோள் இறுக்கம் தளர்வது பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது. இருபத்தெட்டாவது தடவை தரையில் ஒரு கல்லைக் குறிவைத்து, முன் சக்கரத்தை அதற்கு ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

முப்பது. வண்டி மெத்தென்று நின்றது. சத்தம் ஏதும் இல்லை.

அவள் காலை ஊன்றித் தோள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோட்டின் தோள் தையல் நாலு விரல் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. டைலருடைய கை இன்னும் அங்கேதான் இருந்தது.

"பாரு, கிழிச்சே வச்சுட்ட. அவ்வளவு பயமா ஒனக்கு?"

டைலர் அவசரமாகக் கையை எடுத்தார். பயமெல்லாம் இல்லை என்றார்.

"பொய் சொல்லாத. இருபதாவது தடவையிலதான கண்ணையே தெறந்த? கண்ணாடியில பாத்துட்டுத்தான் வரேன்." வண்டியை மறுபடி கிளப்பி வாசல் பக்கம் திருப்பினாள். "வீட்டுக்குப் போனதும் நீயே தச்சுக் குடுத்துடு. நாளைக்கு ஆறு மணிக்கு வாத்தியார் வீட்டுல இருக்கணும் நான், வேற யாருக்கும் கையக் குடுக்க மாட்டேன்னுட்டாராம்."

அவர் தலையை ஆட்டினார். முன்னால் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? பதில் வராமல் போகவே, காதில் விழுந்ததா இல்லையா என்று வண்டியை ஓட்டிக்கொண்டே கழுத்தைத் திருப்பினாள்.

"தச்சுத் தரேன்," என்றார் டைலர். "நீ மொதல்ல முன்னாடி பாத்து ஓட்டு."